லேசருக்கு வைத்த பொட்டு

இருட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம். நாம் திருதிருவென்று விழிப்பதை யாரும் பார்க்க முடியாது என்கிற தைரியம்தான். ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எனக்கு அது அளவுக்கு மீறியே இருந்தது.

இலைக்குள் வெயிலைப் பிடித்துத் தரும் மூலக்கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தனியாகப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து லேசர் அடித்தால், மெல்லிய சிவப்பில் ஒளிரும். அந்த ஒளித்துகள்கள் இரண்டு சேர்ந்து வராமல் ஒவ்வொன்றாக வந்தால், உள்ளே குவாண்டம் விளையாட்டு நடக்கிறது என்று அர்த்தம். (குமணன்சாவடியில் முண்டியடித்துப் பஸ் ஏறியவர்களுக்கு இப்படியொரு ஒழுங்கை நம்புவது கஷ்டம்.) இதை மதிப்பீட்டுக் குழுவுக்குக் காட்டினால்தான் உதவித்தொகை நீளும். இல்லையென்றால் என் ஆராய்ச்சி அதோடு சரி.

குழு வந்தது ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தைய நாள். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து கிளம்பும்போதே அம்மா மஞ்சள்தூள் பொட்டலத்தைக் கையில் திணித்தாள்.

"லேசருக்கெல்லாம் பொட்டு வைக்க மாட்டாங்கம்மா."

"ஊட்ல கிரைண்டருக்கே வெக்கிறோம். உன் லேசரு இன்னா பாவம் பண்ணிச்சி?"

ஆய்வகத்துக்குப் போனதும் மஞ்சளைக் குழைத்து லேசர் பெட்டிக்கு வெளியே பொட்டு வைத்தேன். விரலைக் கைக்குட்டையில் துடைத்தேன். குழு வந்துவிட்ட பதற்றத்தில் கையுறையை மறந்து, அதே விரலால் கண்ணாடித் தகட்டை எடுத்துப் பொருத்தினேன்.

திரையில் ஒளித்துகள்கள் கும்பல் கும்பலாக வந்து விழுந்தன.

"ஒண்ணொண்ணா வரும்னு சொன்னீங்களேம்மா?" என்றார் குழுத் தலைவர்.

"இதுவரைக்கும் யாரும் பார்க்காத விளைவா இருக்கலாம், சார்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கையை ஆட்டி ஆட்டி அதற்கொரு கோட்பாடும் சொன்னேன், பெயர்கூட வைத்துவிட்டேன்.

என் வழிகாட்டி தகட்டை உருவி, புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தார். தகட்டில் ஒட்டியிருந்த மஞ்சளில், பசுமஞ்சளாக, ரேகை ரேகையாக என் கட்டைவிரல் ஜொலித்தது.

"இந்த மூலக்கூறுக்குக் கைரேகை இருக்கே" என்றார் தலைவர்.

அறையே சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. சிரித்து முடித்தவர், போனால் போகிறதென்று ஆறு மாதம் நீட்டித்துக் கொடுத்தார். வீட்டில் நடந்ததைச் சொல்லி, புற ஊதா டார்ச்சில் மஞ்சளையும் காட்டினேன். அம்மா அசந்துபோனாள்.

அந்தக் கெடு முடிவதற்குள் ஒரு மத்தியானம், சுத்தமான தகட்டில், ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாக வந்தன. தனியாக உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். ஒரு இலைக்குள் இவ்வளவு ஒழுங்கா! வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"மஞ்ச மாதிரி கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா."

"அப்ப மஞ்சளே மேலு."

இன்றும் யார் வந்தாலும் அம்மா பெருமையாகச் சொல்கிறாள்: "எங்க பொண்ணு மஞ்சள்ல வெளிச்சம் வருதுன்னு கண்டுபுட்ச்சிகீது." அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். முன்பெல்லாம் திருத்துவேன். இப்போது விட்டுவிட்டேன். வந்தவர்கள் உடனே புரிந்துகொண்டு தலையாட்டுகிறார்கள். என் ஆய்வேட்டுக்கு அப்படி ஒருவரும் தலையாட்டியதில்லை.