தனித்திருக்கத் தக்க வயது

மரகதம் செய்த ஒரே தப்பு, உண்மையை எழுதியது. பாம்பூஃப்ளாட்டில், குடியேறிகளுக்குத் தென்னங்கன்று வழங்கும் ஆபீஸில் அவள் தற்காலிகக் குமாஸ்தா. வீடு துறைமுகத்துக்கு அந்தப் பக்கம், டெய்ரி ஃபார்மில், சர்க்கார் குவார்ட்டர்ஸ். கணவன் சிவஞானத்துக்குத் தீவுக்குத் தீவு போகும் படகில் வேலை. மாதத்தில் இருபது நாள் கடலில்தான். 1966 ஜூனில் ஒரு நாள், "மகள் அலமு, வயது ஒன்பது, பள்ளி விட்டு வந்து வீட்டில் தனியாக இருப்பதால், நாலரை ஃபெரிக்குப் போக அனுமதி வேண்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தாள். தலைவலி என்று எழுதியிருந்தால் அன்றோடு போயிருக்கும்.

தலைமைக் குமாஸ்தா ஜம்புலிங்கத்தை ஆபீஸே படா பாபு, அதாவது பெரிய பாபு, என்றுதான் கூப்பிடும். அவர் விண்ணப்பத்தை மூன்று தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மரகதம்மா, பச்சி, சின்னக் குழந்தை, தனியா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. யார் பர்மிஷன் குடுத்தது?"

"என் புள்ள, என் வீடு. நான்தான் சார்."

"வீடு சர்க்காரோடது. அதை ஒருத்தர் பொறுப்புல விடணும்னா அவருக்குத் தக்க வயசு இருக்கணும். அந்த வயசு எத்தனைன்னு ரூல் இல்லை."

"ரூல் இல்லேன்னா விட்டுடலாமே சார்."

"அரே, ரூல் இல்லாம எப்படி விடறது?"

ஆகவே, தனித்திருக்கத் தக்க வயதை நிர்ணயிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி அமைந்தது. கமிட்டி முடிவு சொல்லும்வரை குழந்தை வீட்டில் தனித்திருக்கலாகாது. மீறினால் செப்டம்பரில் வரவேண்டிய வேலை நிரந்தரம் வராது. அந்த ஒரு உத்தரவுக்காக மரகதம் ஆறு வருஷம் காத்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் அலமு ஆபீசுக்கு வர ஆரம்பித்தாள். பள்ளி விட்டதும் பஸ் ஏறி, சாத்தாமில் இறங்கி, ஃபெரி பிடித்து, கடலைக் கடந்து வந்தாள். தனியாகத்தான் வந்தாள். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை, கடல் குவார்ட்டர்ஸ் கணக்கில் வராது.

கமிட்டி கடுமையாக உழைத்தது. ஸ்டோர் கீப்பர் பக்தவத்சலம் நல்ல கருத்து ஒன்று சொன்னார்.

"கப்பல்ல இந்த வயசுக்கு அரை டிக்கெட். அப்ப அலமு அரை ஆள். பக்கத்து வீட்டு ஜைனபும் அரை ஆள். ரெண்டையும் சேர்த்து உக்கார வெச்சா ஒரு முழு ஆள் ஆச்சு."

"டீக் ஹை, சரிதான்," என்றார் படா பாபு. "ஆனா ரெண்டு பேர் இருந்தா அது தனியா இல்லையே. நம்ம சப்ஜெக்ட் தனியா."

அடுத்து, நேரில் ஆய்வு. மூவரும் டெய்ரி ஃபார்முக்குப் போய், அலமு எப்படித் தனியாக இருக்கிறாள் என்று இரண்டு மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். "ஆய்வு நேரம் முழுவதிலும் குழந்தை தனித்திருந்ததற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை" என்று அறிக்கை எழுதினார்கள்.

ஆகஸ்டில் மெட்ராஸ் கப்பல் வந்தது. கப்பல் நாளில் பாம்பூஃப்ளாட்டில் எந்த ஆபீஸிலும் ஆள் இருக்காது. அது சட்டம் இல்லை, அதைவிடப் பலமான வழக்கம். சின்ன வெங்காயம், வெற்றிலை, ஊர்க் கடிதம் எல்லாம் அதில்தான் வரும். சங்கு ஊதியதும் பதினோரு பேரும் பையைத் தூக்கிக்கொண்டு ஃபெரிக்கு ஓடினார்கள். மரகதமும் ஓடினாள். ஆபீஸ் சாவி அலமுவிடம் இருந்தது.

வெங்காயத்தோடு திரும்பியபோது, படா பாபு நாற்காலியில் புதிதாக ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மெட்ராஸிலிருந்து அதே கப்பலில் வந்த தணிக்கை அதிகாரி. இவர்கள் வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் முந்தி வந்துவிட்டார்.

"நீங்கல்லாம் யாரு?"

"ஸ்டாஃப், சார்."

"இந்தக் குழந்தை ரெண்டு மணி நேரத்துல நாற்பது கன்று குடுத்து, ரிஜிஸ்டர்ல கையெழுத்தும் வாங்கிடுச்சு. நீங்க எங்கேன்னு கேட்டா, எல்லாரும் டூர்னு சொல்லுது. ஒரு ஆள் போதும்போல இருக்கே. பதினோரு பேர் எதுக்கு?"

ஆறு வருஷக் காத்திருப்பைத் தன் மகளே கெடுத்துவிட்டாள் என்று மரகதம் நினைத்தாள். அலமு ஒழுங்காக வேலை பார்த்ததற்காக அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

இரண்டு மாதம் முடியாத முடிவு பத்து நிமிஷத்தில் முடிந்தது. படா பாபு கமிட்டியின் தீர்மானத்தை நீட்டினார். குழந்தையை எவ்விடத்தும் தனியே விடலாகாது. பதினோரு பேரும் அவளுக்குத் துணையாகவே அங்கே இருக்கிறார்கள்.

"இன்னிக்குத் தனியாத்தானே இருந்துது?"

"அதனாலதான் சார், பதினோரு பேர் பத்தலைன்னு கீழே எழுதியிருக்கோம். பன்னிரண்டாவது போஸ்ட் வேணும்."

அதிகாரி யோசித்தார். கீழே ஆள் கூடினால் மேலே இருப்பவருக்கும் மதிப்புக் கூடும். கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாவது பதவியும் வந்தது, செப்டம்பரில் மரகதம் நிரந்தரமானாள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அலமுவுக்குத் தக்க வயது வந்துவிட்டால் துணைக்கு ஆள் வேண்டாம், பன்னிரண்டு பதவியும் போய்விடும். அதனால் வருஷா வருஷம் ஜூனில் அவளுக்கு வயது ஒன்பது என்று ஒரு சான்றிதழ் போகும். இங்கிலீஷ் பிழையில்லாமல் வரவேண்டும் என்பதற்காக அலமுவே டைப் அடிப்பாள். தாயார் என்ற இடத்தில் மரகதம் கையெழுத்துப் போடுவாள்.

1977-இல் மின்னி பேயிலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. பையனுக்குத் துறைமுகத்தில் வேலை, அலமுவுக்கும் பிடித்திருந்தது. விஷயம் ஆபீசுக்கு எட்டியதும் படா பாபு மரகதத்தைக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, நிஜமான கவலையோடு சொன்னார்.

"ஒன்பது வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம் பண்றது சட்டப்படி குத்தம்மா."

மரகதம் வீட்டுக்கு வந்தாள். வாசலில் புடவையில் நின்ற மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பென்ஷனுக்கு இன்னும் எட்டு வருஷம் இருந்தது. உள்ளே போய், காத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், "குழந்தைக்கு இன்னும் வயசு ஆகலைங்க" என்று சொல்லிக் கும்பிட்டாள்.