பெராரி பார்க்கப் போன ஜம்புலிங்கம்

இனி இந்த ஜென்மத்தில் மச்சான் பக்தவச்சலத்திடம் தானாக வாயைத் திறந்து பேசுவதில்லை என்று ஜம்புலிங்கம் சபதம் எடுத்தபோது, அந்த வாயில் பாதி வடை இருந்தது. ஆனாலும் சபதம் சபதம்தான்.

பொதட்டூர்பேட்டையில் மச்சான் புது விசைத்தறி போட்ட அன்று நடந்த விருந்து அது. பந்தி நடுவில் மச்சான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க மாப்ள இருக்காரே, எவன் ஊட்டு காரு எந்த ஊர்ல நிக்குதுன்னு கரெக்டா சொல்லுவாரு. தன் சைக்கிளை எங்க நிறுத்தினாருன்னு மட்டும் கேக்காதீங்க."

பந்தியே சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. அவர் மனைவி காஞ்சனாவும் சிரித்தாள். ஜம்புலிங்கம் இலையை மூடினார், எழுந்தார், சபதம் போட்டார், வெளியே போனார். சைக்கிளைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆனது.

ஜம்புலிங்கம் திருத்தணி மலையடிவாரத்தில் வண்டிகளுக்கு நம்பர் எழுதும் பெயிண்டர். வண்டி வாங்கியவர்கள் முருகனிடம் காட்டிப் பூஜை போட வருவார்கள். அப்படித்தான் அவர் தொழில் பழகிய காலத்தில், ஆந்திரப் பக்கத்து ஜமீன்தார் ஒருவர் இத்தாலிக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். பெராரி என்றார்கள். சிவப்பு. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கிளப்பினால் புலி தூக்கத்தில் புரண்டு படுத்த மாதிரி ஒரு சத்தம். பின்பக்கம் நம்பர் அழிந்திருந்தது. கடை முதலாளி சாப்பிடப் போயிருந்ததால் ஜம்புலிங்கமே எழுதினார். எழுதியவர் யாரையும் கேட்காமல் பலகை மூலையில் நகத்தளவு ஒரு வேலும் போட்டுவிட்டார். கார் போய்விட்டது. அதில் இரண்டே சீட்டு. அவர் மனசு எங்கே உட்கார்ந்துகொண்டு போனதோ, அதுவும் கூடவே போய்விட்டது.

அன்று முதல் அந்தக் கார் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பதே அவருக்கு இன்னொரு வேலை. இதற்கு ஒரு கூட்டமே உண்டு. அரக்கோணம் ரயில்வே பட்டறையில் பிட்டராக இருக்கும் யோபு, மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய சாமான் விற்கும் ஒருவர், கோயம்புத்தூரில் ஒரு மெக்கானிக். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பற்றி விசாரிப்பதுபோல விசாரிப்பார்கள். யார் வீட்டில் இருக்கிறாள், நல்ல எண்ணெய் ஊற்றுகிறார்களா, வெயிலில் நிறுத்துகிறார்களா. ஜமீன்தாருக்குப் பிறகு கோயம்புத்தூர் மில் முதலாளி. அவருக்குப் பிறகு மெட்ராஸ் டாக்டர். அவர் கையில் கார் பச்சையாகிவிட்டது. அப்புறம் தகவலே இல்லை. இதையெல்லாம் ஜம்புலிங்கம் தினமும் சாப்பிடும்போது காஞ்சனாவிடம் சொல்லுவார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே "ஆங்" என்பாள். சுவரிடம் சொன்னாலும் ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றும்.

இப்போது பிரச்சனை அம்சாவின் முடி. அம்சா அவர்களுடைய ஒரே மகள். முதல் மொட்டை தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் போட வேண்டும். அதையும் ஒற்றைப்படை வயசில் போட வேண்டும். முதல் வயசில், கோயம்புத்தூரில் கார் தென்பட்டதாகக் கேள்விப்பட்டு ஜம்புலிங்கம் ஓடிவிட்டார். போய்ப் பார்த்தால் அது பிஸ்கட் கம்பெனி வேன். மூன்றாம் வயசோ இதோ முடியப்போகிறது. குழந்தை கண்ணை மறைக்கும் முடியோடு நிலைப்படியில் முட்டிக்கொண்டு திரிந்தது.

"உங்களுக்கு உங்க சபதம். கொயந்த முடிக்கு இன்னாங்க பதில்?" என்றாள் காஞ்சனா.

"உங்கண்ணன் வந்து பேசட்டும்."

"வந்து பேசினா பேசுவீங்களா?"

"யோசிப்பேன்."

"நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அவளுக்கு கல்யாணமே ஆயிடும்."

அதோடு விட்டுவிட்டாள். அழுதிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. மத்தியானம் தூங்குகிற மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிடும்போது சபதம் கொஞ்சம் கனக்கத்தான் செய்தது. ஆனால் ஆம்பிளை போட்ட சபதம். எந்தப் பக்கம் பிடித்து இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் யோபு வேர்க்க விறுவிறுக்க வந்தான். கார் வருகிறதாம். யாரோ புதுசாக வாங்கியிருக்கிறார்களாம். கிருத்திகை அன்று காலையில் மலைமேல் பூஜையாம். இப்படி எத்தனையோ கேட்டாயிற்று என்று ஜம்புலிங்கம் கையை உதறினார். யோபு தலையைச் சொறிந்தான்.

"நம்பர் பலகை மூலையில சின்னதா ஒரு வேல் போட்டுகீதாம்ண்ணே. இத்தாலிக்காரன் இன்னாத்துக்கு வேலு போடறான்?"

ஜம்புலிங்கத்தின் கையிலிருந்த காபி லுங்கியில் கொட்டியது. அந்த வேல் போட்டதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யோபுவுக்கும் தெரியாது, புதுப்பேட்டைக்கும் தெரியாது. காரை நேரில் பார்த்தவன் தவிர வேறு எவனும் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் காஞ்சனாவிடம் சொன்னதுண்டு. ஆனால் பெண்டாட்டியிடம் சொன்னது சொன்ன கணக்கில் வராது.

ஆர்.கே.பேட்டையில் பஸ்ஸுக்கு போர்டு எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்தார். கிருத்திகை அன்று விடிந்ததும் காஞ்சனா வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். தேய்த்த சட்டையும் பட்டுக்கரை வேட்டியும் எடுத்து வைத்தாள்.

"பெயிண்ட் அடிக்கப் போறவனுக்கு எதுக்குடி பட்டுக்கரை?"

"பெரிய கம்பெனி பஸ்ஸுன்னீங்களே."

அவர் அப்படிச் சொன்னதாக ஞாபகமில்லை. ஆனால் பொய் சொல்கிறவன் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மலைமேல் ஒரே கூட்டம். மாலை போட்ட அம்பாசடர், டிராக்டர், லாரி என்று வரிசையாக நின்றன. பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் குந்தி உட்கார்ந்து நம்பர் பார்த்தார். ஒரு லாரி டிரைவர், இன்னா சார் தொலைச்சுட்டீங்க என்று கூடத் தேட வந்துவிட்டான். பச்சைப் பெராரியைக் காணோம்.

காணக் கிடைத்தவர் மச்சான் பக்தவச்சலம்தான். சாலை திரும்புகிற இடத்தில், ஏறி வரும் வண்டிகளைப் பார்த்தபடி தனியாக நின்றுகொண்டிருந்தார். ரொம்ப நேரமாக நிற்கிற மாதிரி இருந்தது. கார் வந்திருந்தால் அவர் கண்ணில் படாமல் போயிருக்காது.

ஜம்புலிங்கம் அவர் முன்னால் ஒரு தடவை நடந்தார். திரும்பி வந்தார். இருமினார். மச்சான் ஆகாயத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் சபதம், ஒரு பக்கம் பெராரி.

"மச்சான், பச்சைக் காரு ஏதாவது வந்துச்சா?"

பக்தவச்சலம் ஆகாயத்திலிருந்து இறங்கி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு மாப்ள. மன்னிச்சுக்கோ. நானா வந்து பேசினா நீ எழுந்து போயிடுவன்னு பயம். நீ ஒரு வார்த்தை கேட்டா சொல்லிடலாம்னு காத்துகினு இருந்தேன்."

"அது கிடக்கட்டும் மச்சான். காரு?"

"வா, உள்ள போய் விசாரிப்போம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். போய்ச் சேர்ந்த இடம் மொட்டை மண்டபம். கூறைப்புடவையில் காஞ்சனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்சா. எதிரில் நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக யோபு, தரையைப் பார்த்தபடி.

அம்சா மாமன் மடியில் உட்கார்ந்து அழுதாள். ஜம்புலிங்கம் அவள் பாதங்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்சம் அழுதார். மொட்டையில் சந்தனம் பூசியதும் குழந்தை தடவிப் பார்த்துச் சிரித்துவிட்டது.

பிரசாதம் சாப்பிடும்போது காஞ்சனாவிடம் மெதுவாகக் கேட்டார். "அந்த வேலு?"

"நீங்க சொன்னதுதான். யோபுதான் பாவம், பொய் வாயில வரலன்னு திரும்பத் திரும்ப ஒப்பிச்சுப் பார்த்துகினு இருந்துச்சு."

"நான் சொன்னதெல்லாம் நீ கேட்டுகினா இருந்த?"

"எதிர்ல உக்காந்து சொன்னா காதுல உழாதா? ஆனா ஒண்ணு. பச்சை அடிச்சது டாக்டர்னு சொல்லிகினு இருக்கீங்களே, அது தப்பு. கோயம்புத்தூர் மெக்கானிக்கு பார்த்தப்பவே காரு பச்சைன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப அடிச்சது மில்லுக்காரருதானே?"

ஜம்புலிங்கம் வாயில் வைத்த சர்க்கரைப் பொங்கல் அப்படியே நின்றது. சரிதான். இத்தனை வருஷமாக நாலு ஊர் ஆம்பிளைகளுக்கும் தோன்றவில்லை. தோற்றுப்போனது உறைத்தது. ஆனாலும் இத்தனை நாள் சுவரோடு பேசவில்லை என்பது அதைவிட இனிப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யோபு வந்தான். ஜம்புலிங்கம் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். யோபு அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு நேராகச் சமையலறை வாசலுக்குப் போனான்.

"அண்ணி, அந்த டாக்டர் விஷயத்துல ஒரு சந்தேகம்."

"வரேன் யோபு" என்று காஞ்சனா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஏங்க, நாங்க பேசி முடிக்கற வரைக்கும் கொயந்தய தூக்கிகினு கொஞ்சம் வெளிய நில்லுங்க."