பிள்ளைகளே இல்லாத ஊர்

"அண்ணே, வெள்ளை ஜீப்பு! உங்க ஊர்ப் பக்கம்தான் திரும்புது!"

முச்சந்தியில் பெட்ரோல் விற்பவன் போனில் கத்தியதும் துமாசி தோட்டத்தைப் பார்த்து ஓடினார்.

அசுவாசோ கோகோ விவசாயிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். 'குழந்தைகள் உழைக்காத கோகோ' என்ற முத்திரை கிடைத்துவிட்டால் மூட்டைக்கு நல்ல விலை. சோதிக்க அதிகாரி எந்த நேரமும் வரலாம். இன்றைக்குப் பார்த்துக் காய் உடைக்கும் நாள். ஊரே தோட்டத்தில் இருந்தது. அதில் பாதிக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

"கத்தியைப் பிடுங்குங்க! பிள்ளைங்களை ஒளிச்சு வைங்க!"

"பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ல பிள்ளைங்க வேற எங்கய்யா போகும்?" என்றாள் மனைவி போகுவா. "நாலு வருஷமா மனு குடுக்கிற. ஒருத்தன் எட்டிப் பாத்தானா?"

"இப்ப அதுவாடி முக்கியம்?"

பிள்ளைகளைக் கோகோ மூட்டைக் கிட்டங்கியில் அடைத்தார்கள். உள்ளே ஒரே சிரிப்பு. பிறகு மூட்டைகள் சரியும் சத்தம். வேறு வழியில்லாமல், பக்கத்து ஊர் பெபோசோ தலைவர் பாஃபோவுக்குப் போன் போட்டார். பரம விரோதிதான். ஆனால் அந்த ஊர் முத்திரையே கேட்கவில்லை. அதிகாரிக்கு அங்கே இறங்க வேலையே இல்லை.

"எல்லாத்தையும் அனுப்பு துமாசி! என் பிள்ளைங்க மாதிரி பாத்துக்கறேன்" என்றார் பாஃபோ, தேனொழுக.

காட்டுப் பாதையில் பிள்ளைகள் கும்மாளமாகப் போனார்கள்.

வழியில் எங்கே நின்றதோ, ஜீப் மத்தியானம்தான் வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்ட அம்மாள் ஒருத்தி இறங்கினாள். போகுவா தண்ணீர்க் குவளையோடு ஓடிவர, துமாசி மறித்தார்.

"தண்ணி குடுக்காதே!"

"வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்து, வந்த சேதி கேக்க வேணாமா? என்ன மனுஷன்யா நீ?"

"கேட்டா 'சோதனை'ன்னு சொல்லிடுவாங்க. கேக்காதவரைக்கும் விருந்தாளி!"

அம்மாள் கொடிக்கயிற்றைப் பார்த்தாள். "இவ்வளவு சின்ன டவுசர் யாருது?"

"என்னுதுதான் மேடம். துவைச்சா சுருங்கிடுது."

"அந்த டயர் ஊஞ்சல்?"

"பெரியவங்க ஆடுவோம்." நிரூபிக்க ஏறி உட்கார்ந்தார். கயிறு அறுந்தது. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தபோதும் சிரிப்பை விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு நிறைமாதக் கர்ப்பிணி தெருவைக் கடந்தாள்.

"ஃபுஃபு கொஞ்சம் அதிகமா சாப்பிட்டுட்டா" என்றார் துமாசி. அவள் முறைத்த முறைப்பில் இன்னொரு கயிறு அறுந்திருக்கும்.

"உண்மையைச் சொல்லுங்க" அம்மாளின் குரல் ஏனோ கெஞ்சியது. "ஒரு குழந்தை கூடவா இல்ல?"

"மருந்துக்குக்கூட இல்ல மேடம்! எங்க ஊர்ல பிரசவம் நடந்தே பத்து வருஷமாச்சு!"

அம்மாள் பெருமூச்சு விட்டாள். ஃபைலை மூடினாள். போய் ஜீப்பில் உட்கார்ந்தாள்.

துமாசி ஆடாத குறைதான். "பாத்தியா? முத்திரை கைக்கு வந்தாச்சு!"

"அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" ஜீப் டிரைவர் தலையை நீட்டினான். போகுவா குவளையை நீட்டி, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, முறைப்படி கேட்டாள்.

"வந்த சேதி என்ன தம்பி?"

டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டான். "உங்க மனுவைப் பாத்துப் பள்ளிக்கூடம் கட்டத்தான்க்கா வந்தாங்க. பிள்ளைங்களே இல்லாத ஊருக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு? வர்ற வழியில பெபோசோவுல அந்தத் தலைவர் தன் ஊர்ப் பிள்ளைங்கன்னு ஒரு பட்டாளத்தையே வரிசையா நிறுத்தி வணக்கம் சொல்ல வச்சாரே, அங்கேயே கட்டிடலாம்னு முடிவாயிடுச்சு!"