இடது காலில் அரை இஞ்ச்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் நலம். என் வலது இடுப்பு எங்கள் இருவரையும்விட நலம். இந்தக் கடிதம் இடது இடுப்பைப் பற்றியது. தயவுசெய்து என் மகளிடம் காட்ட வேண்டாம். ஆறு மாதக் கர்ப்பிணி, கவலைப்படுவாள்.

அவள் பயணம் செய்யக்கூடாதென்று டாக்டர் சொன்னதால் பிரசவம் உங்கள் வீட்டிலேயே என்றானதும், குழந்தை பிறந்த கையோடு நான் வந்து ஒரு மாதம் தங்க வேண்டுமென்று பெரிய மனதோடு அழைத்திருந்தீர்கள். மாடிக்கு நாற்பத்திரண்டு படி, லிஃப்ட் கிடையாது, ஆனாலும் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேரை விட்டுத் தூக்கிவரச் செய்கிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். நாலு பேர் தூக்கும் வைபவம் எல்லோருக்கும் ஒருநாள் உண்டு சம்பந்தி. அதற்கு ஒத்திகை வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். வலது இடுப்பை மாற்றி ஐந்து மாதமாகிறது. வாக்கர் போய்க் கைத்தடி வந்து, கைத்தடியும் போய்விடும் என்றிருந்த நேரத்தில், பேண்ட்டின் இடது கால் தரையில் புரள்வதைப் பார்த்தேன். நாற்பத்தோரு வருஷம் டெய்லராக இருந்தவன் கண்ணுக்குத் தப்புமா? டேப்பை எடுத்து அளந்தால் இரண்டு காலுக்கும் அரை இஞ்ச் வித்தியாசம். சர்ஜன் வலது காலை நீட்டித் தைத்துவிட்டார் என்று முடிவுகட்டி, என்னிடம் இருக்கும் ஏழு பேண்ட்டிலும் இடது காலை அரை இஞ்ச் மடித்துத் தைத்தேன். அதோடு விட்டேனா? மறுபரிசோதனைக்குப் போனபோது அவரிடமே, “கோச்சுக்காதீங்க டாக்டர், தொழில்காரனுக்குத் தொழில்காரன் சொல்றேன். அளவு தப்பிடுச்சு. ஆல்ட்ரேஷன் உண்டா?” என்று கேட்டும்விட்டேன். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவர் எக்ஸ்ரேயை மாட்டிக் காட்டி, “நான் போட்டது சரியான அளவுதான் ஐயா. உங்க இடது இடுப்புதான் தேஞ்சு குறைஞ்சிருக்கு. அதையும் மாத்தினா ரெண்டும் சமமாயிடும். வலி இருக்கா?” என்றார். இல்லவே இல்லையென்று சாதித்தேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது வினை. மூத்த மருமகளுக்குப் புதுச் சேலை எடுத்தால் இளையவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாளே, (உங்கள் வீட்டைச் சொல்லவில்லை) அப்படி இந்த இடது இடுப்பு மாடிப்படியைக் கண்டாலும் முறுக்கிக்கொள்கிறது, செருப்பைக் கண்டாலும் முறுக்கிக்கொள்கிறது. வலிக்கிற காலுக்கு எதிர்க்கையில் தடி பிடிக்க வேண்டும் என்பது பயிற்சி கொடுக்கும் பெண்ணின் கண்டிப்பு. எனவே மனைவிக்குத் தெரியக்கூடாதென்று வீட்டுக்குள் வழக்கம்போல இடது கையில் தடி. தெருமுனை திரும்பியதும் வலது கைக்கு மாற்றிக்கொள்வேன். ஒருநாள் மறந்துபோய் வலது கைத் தடியோடேயே வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

“தடி ஏன் கை மாறியிருக்கு?” என்றாள் மனைவி.

“கைக்குக் கொஞ்சம் ரெஸ்ட் குடுத்தேன்.”

“கைக்கா, காலுக்கா?”

திருடனுக்குத் தேள் கொட்டினது போல நின்றேன். அன்றிலிருந்து காலை, மாலை இரண்டு வேளையும் ஆபரேஷன் பேச்சுத்தான். உள்ளதைச் சொல்கிறேன் சம்பந்தி, எனக்குப் பயம். முதல் தடவை ஒன்றும் தெரியாததால் தைரியமாகப் போய்ப் படுத்தேன். இப்போது எல்லாம் தெரியும். எனவே இரண்டாவது ஆபரேஷன் கிடையாது, என் முடிவு முடிவுதான். குழந்தையைப் போட்டோவில் பார்த்துக்கொள்கிறேன். மகளிடம் நல்ல காரணமாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுங்கள். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் பிறக்கப்போகிற செல்வத்துக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கவரில் போடும் சாக்கில் என் மனைவி கடிதத்தைப் படித்துவிட்டாள். அடுப்படிக்குப் போய் மூன்று கிலோ மாவுப் பொட்டலத்தை எடுத்துவந்து, “புள்ள பொறக்கும்போது இவ்ளோதான் இருக்கும். தூக்கிட்டு ஜன்னல் வரைக்கும் நடங்க” என்றாள். ஒரு கையில் தடி, ஒரு கையில் பொட்டலம். நாலாவது எட்டில் இடது கால் மடங்கியது. நான் விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டேன். பொட்டலம் விழுந்து வெடித்தது. தரையெல்லாம் வெள்ளை. பிறகு நானேதான் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி ஆபரேஷன். குழந்தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, நான் தேறி எழுந்து நடக்க அது போதும் என்கிறார் சர்ஜன். நாற்காலிக்கு ஏற்பாடு செய்த நாலு பேரையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். ஏழு பேண்ட்டிலும் இடது கால் மடிப்பை நேற்றே பிரித்துவிட்டேன்.