நான் வந்துதான் அறிமுகம்

கைத்தொலைபேசி மலையேறி வந்த நாளிலிருந்து எங்கள் மலையகப் பக்கத்தில் ஒரு புது இனம் பெருகிவிட்டது. பெயர், இணைப்பாளர். இவரை நீங்கள் அறிவீர்கள். உங்கள் நம்பர் இவரிடம் இருக்கும். நீங்கள் தேடுகிறவரின் நம்பரும் இருக்கும். ஒன்றை மற்றவருக்குக் கொடுக்க மட்டும் மனம் வராது. கொடுத்துவிட்டால் பிறகு இவர் எதற்கு?

ஹட்டன் ஜீவராஜை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல், இங்கே படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்துக் கேதீஸ்வரி டீச்சரின் அடையாள அட்டை வட்டவளை பஸ்ஸில் விழுந்துவிட்டது. எடுத்தவர் தேயிலைத் தொழிற்சாலை அழகுமுத்து. இருவர் நம்பரும் ஜீவராஜிடம் இருந்தன. அன்று மூன்று மணிக்குக் கொழும்பில் டீச்சருக்கு நேர்முகப் பரீட்சை. யுத்த காலம், வழியெல்லாம் சோதனைச் சாவடி. அட்டை இல்லாமல் ரயிலேற முடியுமா?

"டீச்சர் நம்பரக் குடுங்க தம்பி, நானே பேசிக்கிறேன்," என்றார் அழகுமுத்து.

"நான் இருக்கேன்லண்ணே? ஸ்டேஷன் பெஞ்சுல போய் உக்காருங்க. நான் வந்து அறிமுகப்படுத்துறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் அட்டையக் காட்டிடாதீங்க, காலம் கெட்டுக் கிடக்கு."

டீச்சருக்கும் இதே பெஞ்சு; அட்டை தொலைந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்ற கட்டளை. அட்டையில் படம் இருக்குமே என்பீர்கள். இருந்தது, பொட்டு வைத்துத் தலை வாரிய படம். பெஞ்சில் இருந்ததோ மலைக் குளிருக்குக் குல்லாவும் சால்வையும் சுற்றி மூக்கு மட்டும் தெரிகிற உருவம்.

ஜீவராஜ் டவுன் டீக்கடையில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் தன் சேவையை விளக்கியபடி, இருவருக்கும் மாறி மாறி அழைப்பு எடுத்தார்.

"இங்கதாங்க இருக்கேன்! அசையலீங்க!" என்று அழகுமுத்து போனில் அலறினார்.

அடுத்த அழைப்பில் டீச்சர் ஒரு காதைப் பொத்திக்கொண்டார். "தம்பி, ரயில் வரப்போகுது, எங்க நிக்கிறீங்கள்? பக்கத்தில ஒராள் கத்திக் கத்திக் கதைக்கிறார், ஒண்டும் கேக்கேல்லை."

ரயில் வந்தது. நின்றது. போயிற்று. இனி எந்த பஸ்ஸும் மூன்று மணிக்குக் கொழும்பு சேராது.

ஜீவராஜ் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "டீச்சர், இவருதான் அழகுமுத்து. அண்ணே, இவங்கதான் டீச்சர். எப்படிச் சேத்து வச்சேன் பாத்தீங்களா!"

டீச்சர் அட்டையை வாங்கினார். ரயில் போன திசையையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஜீவராஜ் அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, கேமரா போனைத் தூக்கினார். "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறகு உங்கள் போனைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஒருவரையொருவர் தேடும் இரண்டு பேர் அதில் இருப்பார்கள். "நம்பர் எதுக்கு, நானே சொல்லிக்கிறேன்" என்று போன மாதம் யாரிடம் சொன்னீர்கள்?