மூச்சு விடும் ஷூக்கள்

கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்கள் வெறுங்காலோடு வரிசையில் நிற்பதை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் கடைவீதியில் வாரம் முழுக்க அதுதான் காட்சி. வங்கி மேனேஜர் நின்றார், வக்கீல் நின்றார், பல் டாக்டர் நின்றார். எல்லார் கையிலும் ஒரு ஜோடி ஷூ. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்திருந்தார்கள். நடைபாதை கொதித்தது, கால் சுட்டவர்கள் ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நின்றார்கள். ஷூவைக் காலில் போட்டுக்கொண்டு நின்றால் என்ன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. போட்டுக்கொண்டு வந்தால் ஷூவுக்கு மூச்சு முட்டும் என்று ஞானி ஒருவர் சொல்லியிருந்தார்.

அவர்கள் கையிலிருந்த ஷூவுக்கு ஊர் வைத்த பெயர் 'தாத்தா ஷூ'. கடையை ஆரம்பித்தவரின் முறுக்கு மீசைப் படம் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும். கறுப்பு, பழுப்பு, இரண்டே நிறம். நேர்முகத் தேர்வு, கல்யாணம், கோர்ட்டு என்று கொஞ்சம் கௌரவமாகத் தெரிய வேண்டிய நாளில் ஆண்பிள்ளைகள் அதைத்தான் மாட்டிக்கொள்வார்கள். இப்போது கடை பேரன் கையில். சில வருஷங்களாக எங்கே போனாலும் ஒரே புலம்பல்: தாத்தா காலத்து ஷூ மாதிரி வருமா, இப்பொழுதெல்லாம் ஆறு மாசத்தில் வாயைப் பிளக்கிறது. விற்பனை இறங்கியது. பேரன் தோல் வாங்கும் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பசை போடும் ஆளைக் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள், அதுதான் தொல்லை. ஆகவே அவர் ஞானியைக் கூப்பிட்டார்.

ஞானியிடம் ஒரு பட்டு நூலும் அதன் நுனியில் ஒரு பித்தளை ஆணியும் இருந்தன. தாத்தா தன் முதல் ஷூவில் அடித்த ஆணியாம். அது இவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டால், ஆணியே தேடி வந்தது என்பார். நூலை ஷூவுக்கு மேலே பிடிப்பார். ஆணி வட்டம் போட்டால் ஷூவுக்கு மூச்சு இருக்கிறது. நேராக ஆடினால் மூச்சு நின்றுவிட்டது. பழைய ஷூ எல்லாவற்றுக்கும் வட்டம், புது ஷூ எல்லாவற்றுக்கும் கோடு. காணிக்கை கட்டினால் கையை வைத்து மூச்சு ஏற்றித் தருவார். ஏற்றிய ஷூ மறு வாரமே பிய்ந்தால் வீட்டில் யாரோ சந்தேகப்பட்டிருக்கிறார்கள் என்பார். ஒட்டியிருந்தால் ஞானியின் அருள், பிய்ந்தால் பெண்டாட்டியின் சந்தேகம். பெட்டியில் போட்டு மூடினாலும் தனக்கு மூச்சுச் சத்தம் கேட்கும் என்று வேறு சொல்லி வைத்திருந்தார்.

இந்தக் கூத்தையெல்லாம் மாடிப்படிக்கு அடியிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புகார்க் கவுன்டர்காரர். பிய்ந்த ஷூவை வாங்கி, பெருமூச்சுவிட்டு, துண்டுச் சீட்டு கட்டி உள்ளே அனுப்புவது அவர் உத்தியோகம். தங்கமான மனிதர், ஆனால் வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. ஞானியை அவரும் நம்பினார். அவருடைய கல்யாண ஷூ தாத்தா காலத்தது, இன்னும் பளபளவென்று இருக்கிறது. அதன் மேல் ஆணி பெரிய வட்டம் போட்டபோது மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நாளே ஞானி நோயின் மூலத்தைக் கண்டுபிடித்தார். தாத்தா கோபமாக இருக்கிறாராம். தாத்தா காலத்தில் புகார்க் கவுன்டரே கிடையாது. கவுன்டர் வந்த பிறகுதானே புகார் வந்தது? நாள் முழுக்க ஒருவர் உட்கார்ந்து குறையையே கேட்டுக்கொண்டிருந்தால் ஷூவுக்கு மனசு விட்டுப்போகாதா? கவுன்டரை மூடிவிட வேண்டும். பேரன் தலையை ஆட்டிய வேகத்தில் கழுத்து சுளுக்காமல் இருந்ததே பெரிது. சனிக்கிழமை கடைக் கூடத்தில் விழா வைத்து, எல்லார் முன்னாலும் கவுன்டருக்குப் பூட்டுப் போடுவது என்று முடிவானது.

கவுன்டர்காரர் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வயதில் எவன் வேலை கொடுப்பான்? அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்.

"ஏங்க, அவர் ஷூவைப் பாத்துட்டுத்தானே நூலைத் தூக்குறாரு?"

"பாக்காம எப்படி?"

"எங்க லேப்ல ரத்தக் குழாய்ல பேர் ஒட்ட மாட்டோம். நம்பர்தான். யார் ரத்தம்னு தெரிஞ்சா பாக்குறவங்க கை தன்னால சாஞ்சிடும். நல்லவங்க கையும்தான் சாயும். உங்க ஷூவுக்கும் பேரை மறைச்சிட்டு ஒரு தடவை பிடிக்கச் சொல்லுங்களேன்."

தாத்தாவைப் போய்ச் சோதிப்பதா என்று அவருக்கு முதலில் உதறல் எடுத்தது. பிறகு பெண்களின் பள்ளிக்கூடப் பைகளைப் பார்த்தார். உதறல் நின்றது.

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ஞானி நூலை எடுத்ததும் கவுன்டர்காரர் எழுந்தார். ஐயாவின் மகிமையை ஊருக்கே காட்ட ஒரு யோசனை என்று பணிவாகச் சொன்னார். ஒவ்வொரு பெட்டியிலும் ஷூவோடு வருகிற துணிப்பை இருக்கிறதே, அதில் பழையதையும் புதியதையும் போட்டுக் கட்டி வைப்போம், ஐயா மூச்சைக் கேட்டுச் சொல்லட்டும். கூட்டம் கைதட்டியது. பெட்டிக்குள் இருந்தாலே கேட்கும் என்றவர் துணிப்பைக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வார்? ஞானி சரி என்றார். பைகளைக் கட்டும் பொறுப்பு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியருக்கு. ஞானியின் முதல் பக்தர் அவர்தான், தன் பழைய ஷூவோடு முன்வரிசையில் இருந்தார். அவர் உள்ளறைக்குப் போகும்போது கவுன்டர்காரரின் மனைவி ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்து, இதையும் ஒரு பையில் போடச் சொன்னாள். பிரித்துப் பார்த்தவர் விழித்தார். ஆனாலும் போட்டார்.

பைகள் சாக்பீஸ் நம்பரோடு மேசைக்கு வந்தன. ஞானி கண்ணை மூடினார். முதல் பைக்குக் கோடு. அடுத்ததற்கு வட்டம். நாலாம் நம்பர் பைக்கு மேலே ஆணி சுற்றிய சுற்றில் நூல் அறுந்துவிடுமோ என்றிருந்தது. ஞானிக்குக் குரல் தழுதழுத்தது.

"இதுல மூச்சு மட்டும் இல்லப்பா. தாத்தாவே உள்ள இருக்கார்."

முன்வரிசை எழுந்து கும்பிட்டது. தலைமை ஆசிரியர் பையை அவிழ்த்தார். உள்ளேயிருந்து வந்தது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல நிறம், குளியலறைக்குப் போட்டுக்கொள்வது, அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. தாத்தா அந்த ஊக்கில் இருந்தாரோ என்னவோ, செருப்பில் இருந்ததாகத் தெரியவில்லை. மற்ற பைகளும் அவிழ்ந்தன. நேற்றுத்தான் தைத்த ஷூவுக்கு வட்டம் கிடைத்திருந்தது. கோடு வாங்கிய முதல் பையில் இருந்தது தலைமை ஆசிரியரின் சொந்த ஷூ.

"முப்பது வருஷமா மூச்சு விட்டுட்டு இருந்துச்சு. பைக்குள்ள போட்டதும் செத்துப்போச்சா?" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

சந்தேகம் உள்ள இடத்தில் நூல் பேசாது என்றார் ஞானி. "பேசாம இல்லைங்களே, நல்லாத்தான் பேசுச்சு, என் செருப்பைப் பத்தி" என்றாள் கவுன்டர்காரரின் மனைவி. கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்தில் ஞானி பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். ஆணி மட்டும் மேசையில் கிடந்தது, இந்த முறை அது யாரையும் தேடிப் போகவில்லை.

பேரன் லேசுப்பட்டவர் இல்லை. ஞானியை நம்பித் தானும் ஏமாந்ததாக உருகினார். தாத்தா காலத்துத் தரத்தை மறுபடி கொண்டு வருவேன் என்று கையை உயர்த்தினார். கூட்டம் மறுபடி கைதட்டியது. ஞானிக்குத் தட்டிய அதே கை, அதே சத்தம். கவுன்டர்காரர் மாடிப்படிப் பக்கம் நடந்தார். கவுன்டரிலிருந்து அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியை எடுத்து வந்தார். ஒரு புது ஷூவின் அடியைக் குதிகால் பக்கமாகக் கெல்லிப் பிளந்தார். தோல் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்திய அட்டை. ஓரத்தில் ஓடிய அழகான தையல் வெறும் ஒப்பனை, எதையும் எதோடும் சேர்க்கவில்லை. தாத்தா இருந்தால் இப்படிச் செய்வாரா என்று கூட்டம் பேரன் மேல் பாய்ந்தது.

கவுன்டர்காரர் அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலை தப்பித்துவிட்டது. ஆனால் மேசையில், பையிலிருந்து எடுத்த அவருடைய கல்யாண ஷூவும் கிடந்தது.

"வேணாங்க, அது நம்ம கல்யாணத்துல போட்டது" என்றாள் மனைவி மெதுவாக.

"பாத்துடலாம்மா. பாக்காமலே கும்பிட்டுட்டு இருந்தா இந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

பிளந்தார். அட்டை. அதே அழுத்திய அட்டை, அதே ஒப்பனைத் தையல். பழைய அட்டை கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, பாரம்பரியம் என்றால் அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் நம்பவில்லை, தன் ஷூவை நீட்டினார். அதிலும் அட்டைதான்.

அப்புறம் எப்படி இத்தனை வருஷம் உழைத்தது என்று யாரோ கேட்டார்கள். கவுன்டர்காரர் யோசித்துப் பார்த்தார். தன் கல்யாண ஷூவைப் போட்டுக்கொண்டு அவர் எங்கே நடந்தார்? வருஷத்துக்கு ஒரு கல்யாணம், போட்டோ எடுக்கும் வரைக்கும். மற்ற நாளெல்லாம் பெட்டிக்குள் பத்திரமாகத் தூங்கியது. அந்தக் காலத்தில் தினமும் போட்டு நடந்தவர்களின் ஷூ குப்பைக்குப் போய்விட்டது. குப்பைக்குப் போன ஷூ வந்து சாட்சி சொல்லுமா? பெட்டியில் தப்பித்தது மட்டும்தான் வெளியே வந்து பெருமை பேசியது.

வங்கி மேனேஜர் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். "எங்க அப்பா இன்டர்வியூக்குப் போன இடத்துல தாத்தா ஷூ அடி கழண்டு விழுந்துடுச்சு. அவர் யார்கிட்டயும் சொல்லல. தாத்தா ஷூ பிய்யுமா, என் நடைதான் சரியில்லன்னு சாகற வரைக்கும் சொல்லிட்டு இருந்தார்." தாத்தா காலத்தில் புகாரே இல்லாமல் போன ரகசியம் இதுதான். அப்போது கவுன்டர் இல்லை, புகார் சொல்லும் வாயும் இல்லை.

மாடிப்படிக்கு அடியில் வரிசை கட்டி நின்றது கூட்டம். பேரன் பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கவுன்டருக்கு இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். கவுன்டர்காரர் சீட்டுக் கட்ட ஆரம்பித்தார். வக்கீலின் முறை வந்தது. அவர் குனிந்து, ஏதோ ரகசியம் பேசுவதுபோல் கேட்டார்: "அடுத்த தெருவுல ஒரு கம்பெனி இருக்காம். நூறு வருஷமாம். அவங்க ஷூ நிஜமாவே மூச்சு விடும்னு சொல்றாங்க. நம்பலாமா?"

கவுன்டர்காரர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவர் ஒரு வாடிக்கையாளரைப் பதில் கேள்வி கேட்டார்.

"ஐயா, ஷூ வாங்கும்போது சுண்டு விரலைத் துளி கடிச்சாலும் வேணாம்னு கழட்டி வைக்கிறீங்க. கதை மட்டும் யார் சொன்னாலும் உங்களுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்திடுதே, அது எப்படிங்க?"