கொஞ்சம் சாரும் யுரேனியத் தண்டும்

அடுத்தவர் கையால் வேலை செய்யும் இனம் என்று ஒன்று உண்டு. காரைப் பின்னால் எடுத்தால் எங்கிருந்தோ முளைத்து "வா, வா, வா... ஐயோ, நிறுத்து!" என்பவர், பக்கத்து ஆள் ஊசியில் நூல் கோக்கும்போது தன் நாக்கைக் கடித்துக்கொள்பவர் எல்லாரும் அதன் கிளைகள்தாம். இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமா? அணு எரிபொருளைச் சுத்திகரிக்கும் கூடத்துக்கு வாருங்கள். அங்கே 'கொஞ்சம் சார்' இருக்கிறார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. "கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் மேல" என்றே சர்வீஸைக் கழித்ததால் கூடம் வைத்த பெயர் இது.

உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருள் உலோகத்தைத் துண்டு போட்டு, கூடையில் வைத்து, நெருப்பாய்ச் சுடும் உருகிய உப்பில் இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். யுரேனியம் கரைந்துபோய் எதிரே தொங்கும் இரும்புத் தண்டில் ஊசி ஊசியாய்ப் படியும். வேண்டாத சங்கதிகள் உப்பிலும் கூடையிலும் தங்கிவிடும். கதிர்வீச்சு இருப்பதால் ஆள் உள்ளே போக முடியாது. கை நீளத் தடிமனுள்ள கண்ணாடிக்கு வெளியே நின்று, இயந்திரக் கைகளால் தண்டைத் தூக்க வேண்டும். எதிலாவது இடித்தால் ஊசியெல்லாம் உதிர்ந்து உப்புக்குள் போகும். அப்புறம் பழையபடி முதலிலிருந்து.

அன்று தூக்க நின்றவள் புது ஆப்பரேட்டர் பெண். படிவு முழுசாக வந்தால் தனியாக வேலை செய்ய அனுமதி. உதிர்ந்தால், அடுத்த தேர்வு வரை பிடரியில் கொஞ்சம் சாரின் மூச்சுக்காற்று.

"பதறாதம்மா," என்றார், பதறிக்கொண்டே. "கொஞ்சம் இடது."

"சார், இடது போனா கூடையில இடிக்கும். நீங்க ஓரமா நிக்கிறீங்க. இந்தக் கண்ணாடியில ஓரத்துலேருந்து பாத்தா எல்லாமே இடம் மாறித்தான் தெரியும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கண்ணாடியத் துடைச்சவன் நான்!"

துடைத்தவர்தான். யார் இல்லை என்றார்கள்?

'உப்பு பாத்தியா?' என்று அடுப்படி வாசலை விட்டு நகராத மாமியாரிடம் பழகிய வித்தை அவளுக்குக் கைகொடுத்தது. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம்.

"இடது!"

"சரி சார்." தண்டு நேரே ஏறியது.

"இடதுன்னேன்!"

"சரி சார், சரி சார்."

உப்பு சொட்டச் சொட்ட, சிலிர்த்த முள்ளம்பன்றி போல ஒரு கொத்து மேலே வந்தது. ஆடியது. "பாத்தும்மா, மெதுவா!" ஓர் ஊசி உதிர்ந்தது. மற்றதெல்லாம் முழுசாக வந்து தட்டில் இறங்கிற்று.

கொஞ்சம் சார் வியர்வையைத் துடைத்தார். "பாத்தியா? நான் சொன்னபடி கேட்ட, வந்துச்சு."

தனியாக இயக்கலாம் என்று கையெழுத்தும் போட்டார். போட்ட கையோடு ஸ்டூலை இழுத்து அவள் பின்னாலேயே உட்கார்ந்தார்.

"சார், இனிமே நான் தனியா..."

"தனியாத்தாம்மா செய்யப்போற. பக்கத்துல ஓர் ஆள் இருந்தாத்தானே நீ தனியா செய்யறது தெரியும்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று. கொத்து ஆடிய நொடியில் கொஞ்சம் சாருக்கு வாயடைத்துப் போயிருந்தது. அப்படியென்றால் "பாத்தும்மா, மெதுவா!" என்றது யார்? கூடத்தில் வேறு ஆள் இல்லை. படித்துக்கொண்டிருந்தது நீங்கள்தான்.